ஓடும் மகளின் உடம்பைப் பற்றிக் கோச்சிடம் சொல்லுங்கள்



மயிலாடுதுறை ராஜன் தோட்டத்து மைதானத்துக்கோ, உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கோ உங்கள் மகள் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறாளா? மகிழ்ச்சி. கோச் அவளைப் பார்ப்பது நாளில் இரண்டு மணி நேரம்தான். மற்ற நேரத்தில் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள், உடம்பு எப்படி இருந்தது என்பதெல்லாம் பெற்றோருக்குத்தான் தெரியும். அதை அவரிடம் சொல்கிறீர்களா?

"நல்லாத்தான் இருக்கா சார்" என்றால் ஒன்றும் சொன்னதாகாது. "உங்க டிரெயினிங்காலதான் பொண்ணு இளைச்சுப் போச்சு" என்றால் சண்டைதான் வரும். "செவ்வாய்க்கிழமையிலேருந்து வலது காலு முன்னெலும்புல ஒரே இடத்துல வலிக்குதுங்கறா, ராத்திரிகூட வலி விடல" என்று சொல்லிப் பாருங்கள். கோச் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புவார். அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து ஓடவிட்டால் முறிவில் கொண்டுபோய் விடும்.

குறுவை நடவில் ஞாயிறு முழுக்கக் குனிந்து நாற்று நட்டவள் திங்கட்கிழமை மெதுவாக ஓடினால், கோச் சோம்பல் என்றுதான் நினைப்பார். வயலுக்குப் போனதை அவருக்கு யார் சொன்னார்கள்?

பயிற்சி முடிந்து வந்ததும், "இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு? பத்துக்கு எத்தனை?" என்று மகளைக் கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பது 0. இனி ஒரு அடி வைக்க முடியாது என்பது 10. ஸ்வீடன் நாட்டு குன்னார் போர்க் வகுத்த அளவையிலிருந்து வந்த முறை இது. அதே ஓட்டத்துக்குப் போன வாரம் 5 சொன்னவள் இந்த வாரம் 8 சொன்னால், கோச்சுக்கு அது பெரிய தகவல்.

இனி, பலரும் மறைக்கிற விஷயம். மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால் "ஓடுற பொண்ணுதானே" என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு மாதவிலக்கை நிறுத்திவிடும். எலும்பும் பலம் குறையும். மகளிடம் பக்குவமாகப் பேசி, டாக்டரிடம் காட்டி, கோச்சிடமும் சொல்லுங்கள். அப்பாக்கள் "அது பொம்பளைங்க சமாசாரம்" என்று ஒதுங்குவது சரியல்ல என்பது என் கருத்து. ஓடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்பதும் வீண் பயம். மேல்நாட்டாரும் இப்படிப் பயந்தவர்கள்தாம். 1928-ல் நடந்த பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டு, 1960-ல்தான் மறுபடி சேர்த்தார்கள்.

சாப்பாட்டையும் உள்ளபடி சொல்லுங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கம் இழந்த பி.டி. உஷா, அங்கே கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டே ஓடியதாகப் பின்னாளில் சொன்னார். காலையில் நீராகாரம் மட்டும் குடித்து வருகிறாள் என்றால் கோச்சுக்கு அது தெரிய வேண்டும். சீக்கிரம் மூச்சு வாங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. அந்தச் சீட்டைக் கோச்சிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் மற்றப் பிள்ளைகள் எதிரில் பேச வேண்டாம். எல்லோரும் கிளம்பிய பிறகு, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணவன் மனைவி இருவரும் போய்ப் பேசுங்கள். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் கிராம சுகாதார நர்ஸம்மாவைத் துணைக்கு அழைக்கலாம். கோச் பயிற்சியை மாற்றிக் கொடுத்தால், அது மகளுக்கு ஒத்துக்கொண்டதா என்று அடுத்த வாரம் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள்.