நூலும் திரையும் காடும்

"கதையைப் படித்தவர்க்குப் படம் பிடியாது, படத்தைப் பார்த்தவர் கதையைத் தொடார்" என்பது வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. நாமும் வகுப்பறையிலே இதனைப் பன்முறை கூறியதுண்டு. மன்னார்ப் பகுதிக் கடலோர ஊராகிய மறிச்சுக்கட்டியில், அன்பர் ஒருவரின் இல்லத்திலே கழித்த ஓர் இரவு அந்த எண்ணத்தைச் சற்றே மாற்றிவிட்டது.

அன்பரின் மகள் நம் மாணவி. லெனாட் வூல்ஃப் ஆங்கிலத்தில் எழுதி 1913 இல் வெளிவந்த 'காட்டில் ஒரு கிராமம்' என்னும் நாவலை நம்மிடம் பாடங் கேட்டவள். அதனைத் தழுவி லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் உருவாக்கிய 'பெத்தேகம' என்னும் சிங்களப் படத்தை அன்றிரவு வீட்டார் அனைவரும் தொலைக்காட்சியிலே கண்டோம்.

கதை எளியது. தெற்கே வறண்ட காட்டினுள் ஒரு சிற்றூர். அங்கே சிலிந்து என்னும் வேடன். அவனுக்கு இரட்டைப் பெண்மக்கள். ஊர்த் தலைவனும் கடன் கொடுத்த வணிகனும் சேர்ந்து குடும்பத்தை நெருக்குகின்றனர். மருமகன் பபுன் பொய் வழக்கிலே சிறை செல்கிறான். துன்பம் எல்லை கடக்கவே, சிலிந்து துப்பாக்கி ஏந்தி அவ்விருவரையும் கொல்கிறான்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே மாணவிக்கு மனக்குறை. "நான் நினைத்த சிலிந்து இவரல்லர், சேர்" என்றாள். ஜோ அபேவிக்கிரமவின் நடிப்பில் குறையேதும் இல்லை. ஆயினும் படிக்கும்போது அவளாகவே ஒரு முகம் வரைந்து வைத்திருந்தாள்; திரை அதனை அழித்துவிட்டது. வாசகர் அனைவர்க்கும் நேரும் இழப்பு இது.

ஆனால் இழப்புக்கு ஈடாக ஒன்று கிடைத்தது. நூலிலே சிலிந்துவும் ஆங்கிலம், துரையும் ஆங்கிலம். திரையிலோ சிலிந்து தன் தாய்மொழியைப் பேசினான். தன் வழக்கு தனக்கே விளங்காத மொழியில் நடப்பதைக் கண்டு மயங்கி நிற்கும் ஏழையின் துயரத்தை, நாம் வகுப்பிலே நெடுநேரம் விளக்கியிருக்கிறோம். அதனை உணர, அவன் வாயில் சிங்களத்தைக் கேட்டதே போதுமாயிருந்தது.

வேறொரு நுட்பமும் உண்டு. பபுனுக்குத் தண்டனை விதிக்கும் வெள்ளை நீதவானுக்கு நாவலிலே பெயர் இல்லை. படத்திலே அவர் வூல்ஃபாகவே தோன்றுகிறார். அவ்வேடத்தை ஏற்றவர் அறிவியற் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளாக். வூல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர். நீதியின் பெயரால் நிகழ்ந்த பிழையிலே தமக்கும் பங்குண்டு என்று நூலாசிரியர் மறைவாய்ச் சொன்னதைத் திரை வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டது.

இதனைக் கூறியபோது அன்பர் நிமிர்ந்து அமர்ந்தார். அவர் நாவலைப் படித்தவரல்லர். "இந்த வெள்ளைக்காரர் எங்கட ஊருக்கும் வந்தவரோ, சேர்?" என்றார்.

வந்தவர்தாம். அம்பாந்தோட்டைக்கு முன்னரே, 1906 இல், முத்துச்சலாபக் கடமைக்காக வூல்ஃப் மறிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். தமிழரும் அராபியருமான சுழியோடிகள் கொணர்ந்த சிப்பி மூன்று பங்காகும். இரண்டு அரசுக்கு, ஒன்று மூழ்கியவர்க்கு. அந்தப் பங்கீட்டை அருகிருந்து கண்டவர் அவர். இக்கரையின் அனுபவம் பின்னர் அவருடைய சிறுகதையொன்றிலும், 1961 இல் வெளியான தன்வரலாற்றிலும் இடம்பெற்றது.

படம் முடிந்தது. நாவலின் முடிவை மாணவி தந்தைக்குச் சொன்னாள்: ஒவ்வொருவராய் ஊரார் மறைகின்றனர், குடிசைகள் விழுகின்றன, காடு முற்றத்துக்கு வருகிறது, எஞ்சியவள் சிலிந்துவின் மகள் புஞ்சி மெனிக்கா ஒருத்தியே.

அன்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெதுவாகச் சொன்னார்: "காடு ஒரே நாளிலே வாறதில்லை, சேர். முதலிலே கிணத்தடியிலே ஒரு பற்றை. பிறகு திண்ணையிலே ஒரு செடி. நாங்கள் திரும்பி வந்து பார்க்கேக்க வீட்டுக்குள்ளே மரம் நின்றது. படம் ஒரு ராத்திரியிலே முடிஞ்சு போச்சு. எங்களுக்கு இருபது வருஷம்."

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது வெறுமையான ஊர்களுள் மறிச்சுக்கட்டியும் ஒன்று. அன்பரின் குடும்பம் புத்தளத்திலே அகதி வாழ்வு வாழ்ந்தது. அங்கு பழகிய சிங்களத்தால் அன்று படத்தை நம்மினும் நன்றாய் விளங்கிக்கொண்டவர் அவரே. போர் 2009 இல் முடிந்தபின் மக்கள் திரும்பி வந்து பற்றை வெட்டினர். ஊர் எது, வில்பத்துக் காடு எது என்னும் சச்சரவும் உடன் எழுந்தது.

வெளியேற்றியவர்கள் பேசியது நம் மொழி. நமக்குச் சோறிட்டவர் பேசுவதும் அதே மொழி. நூலைப் பலமுறை பாடஞ் சொன்ன நாம், அந்த நீதவானைப்போல் நமக்கும் விடை சொல்லும் கடமை உண்டென்பதை அவ்விரவிலேதான் உணர்ந்தோம். அன்பரிடம் சொல்லத்தக்க சொல் ஒன்றும் நாவில் வரவில்லை. அவர் அதனை எதிர்பார்க்கவும் இல்லை. தேநீரை நம் பக்கம் நகர்த்தினார்.

ஆதலின், மாணவர்களே, நூல் சிறந்ததா படம் சிறந்ததா என்று வாதிட்டுப் பொழுதைப் போக்காதீர். முதலிலே நூலைப் படியுங்கள். உங்கள் சிலிந்துவை நீங்களே காணுங்கள். பின்பு படத்தைப் பாருங்கள். நூலில் நீங்கள் கேளாத குரலைக் கேட்பீர்கள். இரண்டும் முடிந்தபின், அக்கதையை வாழ்ந்தவர் அருகிலே இருப்பாராயின் அவர் பேசச் சற்றே செவி கொடுங்கள்.

பெத்தேகமவுக்கு எவரும் திரும்பி வரவில்லை. மறிச்சுக்கட்டிக்கு வந்தார்கள். அடுத்த நாட் காலை நாம் புறப்படும்போது, கிணற்றடியிலே நம் மாணவி நாவலின் இறுதிப் பக்கத்தைத் தந்தைக்குத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கையிலே கத்தியுடன் வேலியோரத்துப் பற்றையை வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.