லண்டன் பின்வளவில் கார்த்திகை

ஊரில் கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கேற்றிய பிறகு, அம்மம்மா நிலவைக் காட்டுவா. "பக்கத்திலை நிக்கிறதுதான் கார்த்திகை. நிலவு தேயட்டும், ஆறையும் எண்ணலாம்" என்பா. இந்த நட்சத்திரக் கூட்டத்தின் அருகே முழுநிலவு வரும் மாதம் என்பதால்தான் அதற்குக் கார்த்திகை என்று பெயர்.

லண்டனில் பிறந்த என் மகளுக்கு அந்த ஆறையும் காட்ட முடியவில்லை. தெருவிளக்கு வெளிச்சத்தில் மூன்று, நாலுதான் தெரிந்தன. அதனால் கமராவை எடுத்தேன்.

பெரிய தொலைநோக்கி தேவையில்லை. சாதாரண டிஜிட்டல் கமரா, 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஆடாத முக்காலி போதும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெருப்பித்து, அது சிறு புள்ளியாகும்வரை கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஐஎஸ்ஓ 800, எஃப் 2.8, நேரம் 4 செக்கன். அதற்கு மேல் அதிகம் கூட்டினால், பூமி சுழல்வதால் புள்ளி கோடாக இழுபடும்.

இப்படி 100 படங்கள் எடுத்தேன். மொத்தம் 400 செக்கன், ஏழு நிமிடமும் இல்லை. டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும். கணக்காளனுக்கு இது விளங்கும்: நட்சத்திரங்கள் பொருந்தும்படி அடுக்கினால் நட்சத்திரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், கமராவின் இரைச்சல் படத்துக்குப் படம் மாறும். 100 படங்களின் சராசரியில் அந்த இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். எல்லாப் படத்திலும் பரவிக் கிடக்கும் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பிறகு கழித்துவிடலாம்.

கணினித் திரையில் மகள் எண்ணத் தொடங்கி, அறுபதில் நிறுத்திவிட்டாள். உண்மையில் அந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் உண்டு. தூரம் சுமார் 440 ஒளியாண்டு. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றுவதற்கு முன்னரே புறப்பட்ட ஒளிதான் எங்கள் பின்வளவுக்கு வந்திருந்தது.

தைப்பொங்கலை ஒட்டி, நிலவில்லாத இரவில், எட்டு மணியளவில் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கார்த்திகை உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். இங்கே தெற்கே, அடிவானத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நிற்கும். அதைப் பார்க்கத் தெற்குப் பக்கம்தான் திரும்ப வேண்டும். பிள்ளைகளையும் வெளியே கூட்டி வாருங்கள். குளிருக்குத் தொப்பி மறக்க வேண்டாம்.