ரத்தப் புற்றுநோயும் பஸ் காசும்



ரத்தப் புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டதுமே நம் தோட்டத்து லயங்களில் பேச்சு அடங்கிவிடும். "இனி என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் சில காலம் பின்வாங்கியது. அந்த மருந்தைத் தயாரித்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்!

இன்று குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகையில், வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கும். ஏழைக் குடும்பம் தடுமாறுவது இங்கேதான்.

முதல் நான்கைந்து வாரங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தணியும்; முகத்தில் களை வரும்; பரிசோதனையில் நோய் தென்படாது. "அதுதான் குணமாகிவிட்டதே" என்று தகப்பனார் நினைப்பார். உள்ளே ஒளிந்திருக்கும் நோய் அப்படி நினைப்பதில்லை. பாதியில் நிறுத்தினால் அது திரும்பி வரும். திரும்பி வந்ததை அடக்குவது மிகக் கடினம்.

பாதியில் நிறுத்துவது மருந்துச் செலவினால் என்று எண்ணிவிடாதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்கள் கட்டுவது சில வெள்ளிதான். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பினாங்கு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால், விடியுமுன் கிளம்பி, பட்டர்வொர்த்துக்கு பஸ், பிறகு பெர்ரி, அக்கரையில் மறுபடி பஸ். அன்றைய கூலி போயிற்று. பிள்ளையை வார்டில் சேர்த்தால் தாயும் வாரக்கணக்கில் அங்கேயே. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்குவது யார்? "மருந்து குடுக்கிறாங்க வாத்தியாரே, போய் வரத்தான் காசில்ல" என்று ஒரு தகப்பனார் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று என்னிடம் சொன்னார்.

இப்படிச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அரசாங்கப் பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூக நலப் பணியாளர் என்று ஓர் அதிகாரி இருப்பார். அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, டாக்டரின் கடிதம் ஆகியவற்றோடு அவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, சமூக நல இலாகாவின் மாத உதவி, தர்ம அமைப்புகளின் கை எல்லாவற்றுக்கும் வழிகாட்டுபவர் அவரே. வேலை செய்பவருக்கே நோய் வந்து உழைக்க முடியாமல் போனால், சொக்சோவில் பிடித்த பணத்துக்கு இயலாமைப் பென்ஷன் உண்டா என்றும் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். பினாங்கு பெரிய மருத்துவமனையே 1854இல் ஒரு சீனச் செல்வந்தர் கொடுத்த பணத்தில் ஆரம்பமானதுதான். 1976இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையும் லாப நோக்கமில்லாதது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள்பட்ட காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே நீலத் தழும்பு, ஈறில் ரத்தம், கால் எலும்பில் வலி இவை சேர்ந்து கண்டால் விபூதியோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

நம்மால் என்ன கொடுக்க முடியும் என்கிறீர்களா? ரத்தம். சிகிச்சையின்போது இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். பிறர் கொடுத்ததைத்தான் ஏற்ற வேண்டும். தட்டணுக்களை ஐந்து நாள் வரைதான் பொதுவாக வைத்திருக்க முடியும். ஆகவே திருவிழா அன்று கோவில் மண்டபத்தில் நூறு பேர் ஒரே நாளில் கொடுப்பதைவிட, வாரத்துக்குப் பத்துப் பேராக ரத்த வங்கிக்குப் போவது இவர்களுக்கு அதிகம் உதவும். தோட்ட இளைஞர் மன்றத்தார் இதற்கொரு பெயர்ப் பட்டியல் போட்டால் நல்லது.