பாரதக் கூத்து: முடிவு தெரிந்த கதையை ஆடுதல்

பாரதக் கூத்து என்பது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் மகாபாரதக் கதையைப் பல இரவுகள் தொடர்ச்சியாக ஆடும் தெருக்கூத்து மரபாகும். பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் இது பரவலாக உள்ளது. காட்பாடி முதல் ஆற்காடு, செய்யாறு, செஞ்சி வரை பல ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. விழா 10 நாளிலும் முடியலாம், 20 நாள் வரையிலும் நீளலாம். கோடைக்காலமே இதற்குரிய பருவம்.

கூத்துப் பார்க்க வரும் எவருக்கும் கதையின் முடிவு தெரியாமல் இல்லை. கர்ணன் சாவான், துரியோதனன் தொடை பிளந்து விழுவான் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். இருந்தும் ஊர் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. இன்றைய இளைஞர் சிலர் ஆடும் மேசைப் பாத்திர விளையாட்டிலும் இதே நிலைமை வருவதுண்டு. ஒரு கற்பனை உலகின் முற்காலத்தைக் களமாக எடுத்துக்கொண்டால், அங்கே என்ன நடந்து முடிந்தது என்பது ஆடுபவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்த முடிவை வைத்துக்கொண்டு ஆட்டத்தை எப்படி உயிரோடு நடத்துவது என்பதற்குக் கூத்து மரபு நல்ல விடை வைத்திருக்கிறது.

பகலில் பிரசங்கம், இரவில் ஆட்டம்

விழா நாட்களில் பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். பிரசங்கியார் பெரும்பாலும் வில்லிபுத்தூராழ்வாரின் பாரதத்தை அடிப்படையாகக் கொண்டு பாடலைப் பாடிப் பொருள் சொல்வார். அந்தப் பகுதியையோ அதை ஒட்டிய பகுதியையோ இரவில் கூத்தர்கள் ஆடுவார்கள். பகலில் கேட்பது நூல்வழிக் கதை. இரவில் வருவது அந்தக் கதைதான் என்றாலும் அளவு மாறியிருக்கும். நூலில் சில பாடல்களில் கடந்துவிடும் நிகழ்ச்சி கூத்தில் ஓர் இரவு முழுவதும் நீளலாம்.

கூத்தில் பாட்டும் விருத்தமும் பெரும்பாலும் மனப்பாடமானவை. வசனம் அப்படியன்று. எதிரில் நிற்கும் நடிகர் என்ன சொல்கிறார், சபையில் எவ்வளவு பேர் விழித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து அப்போதைக்கப்போது பேசுவது அது. ஆகவே கதை எங்கே போய்ச் சேரும் என்பது உறுதி. எந்தப் பேச்சின் வழியாகப் போகும் என்பது அன்றிரவு வரை யாருக்கும் தெரியாது.

இடைவெளியில் முளைத்தவை

கூத்து மரபின் உண்மையான செல்வம் நூல் பேசாமல் விட்ட இடங்களில்தான் இருக்கிறது. கர்ணன் மனைவி பொன்னுருவி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வடமொழிப் பாரதத்தில் இந்தப் பெயர் இல்லை. கர்ண மோட்சக் கூத்திலோ, போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெறும் கட்டம் மிக நீண்டது. தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவனை இகழ்ந்துவந்தவள் அவள். விடைபெறும் நேரத்தில் அந்த மனம் மாறுகிறது. கர்ணன் திரும்பமாட்டான் என்பது சபைக்குத் தெரியும் என்பதாலேயே அந்த மாற்றம் கனக்கிறது. முடிவை ஒளித்துவைத்திருந்தால் அந்தக் கட்டத்திற்கு இந்த வலிமை வந்திருக்காது.

திரௌபதி குறத்தி வேடம் பூண்டு கௌரவர் அரண்மனைக்குச் சென்று குறி சொல்லும் கதையும் இத்தகையதே. வரப்போகும் அழிவை எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய் அவள் சொல்லிவிட்டு வருகிறாள். திரௌபதி அம்மன் கோயில்களில் காவல் நிற்கும் போத்தராஜாவும் மூல நூலில் இல்லாதவர். இவை எதுவும் பாரதப் போரின் முடிவை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் தனக்கு வேண்டிய ஆட்களைப் பழைய கதைக்குள் குடியமர்த்திக்கொண்டது, அவ்வளவுதான்.

கட்டியங்காரனின் வேலை இன்னொரு வகை. அரசன் திரைக்குப் பின்னால் இருந்து பாடி வெளியே வந்ததும், நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று கேட்பவன் அவன். அவன் அத்தினாபுரத்திலும் இருக்கிறான், நம் தெருவிலும் இருக்கிறான். பழங்கதையின் நடுவே ஊர் நடப்பையும் விலைவாசியையும் இழுத்துவந்து கேலி செய்வான். சிரிக்கவைப்பவன் என்று மட்டும் அவனை எண்ணுவது தவறு. முற்காலத்தை இன்றைய ஆளுக்குப் புரியவைக்கும் பொறுப்பு அவனுடையது.

படுகளம்

முடிவை மாற்ற முடியாது என்பது இங்கே வெறும் கதை விதி அன்று, சடங்கு விதி. பதினெட்டாம் போர் ஆடி முடியும் காலையில், திறந்த வெளியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கும். பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிவந்து சண்டையிடுவார்கள். தொடையில் அடி விழும். அங்கே வைத்த சிவப்பு நீர் குருதியாகும். விரித்த கூந்தலைத் திரௌபதி முடிவது அதன் பிறகே. பின்னர் தீமிதி. துரியோதனன் விழவில்லை என்றால் கூந்தல் முடியப்படாது, விழாவும் நிறைவடையாது.

பகடைத் துகில் இரவில் மற்றொன்றைக் காணலாம். துச்சாதனன் வேடமிட்டவர் திரௌபதியின் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். கொடுமையை ஆடிக்காட்டுவது வேறு, கொடுமை செய்வது வேறு என்பதை எல்லாரும் காண அறிவித்துவிட்டே அவர் தொடர்கிறார்.

மேசை விளையாட்டில்

மேசைப் பாத்திர விளையாட்டில் நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க, ஒருவர் நடத்துநராக இருந்து உலகத்தையும் பிற மாந்தரையும் விவரிப்பார். ஐயமான செயல்களைப் பகடை தீர்மானிக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முன்னோடி. அதன் கற்பனை உலகங்களுள் ஒன்றான 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகின் முற்காலத்தில் ஆடுவதற்கென்றே 1996-இல் 'நெதெரில்' என்ற தொகுப்பு வந்தது. நெதெரில் வானில் மிதக்கும் நகரங்களைக் கொண்ட பேரரசு. கார்சஸ் என்னும் மந்திரவாதி கடவுளாக முயன்றதால் அந்நகரங்கள் விழுந்தன என்பது அவ்வுலகின் வரலாறு. அங்கே ஆடப் போகிறவர்கள் அந்த வீழ்ச்சியை அறிந்தே போகிறார்கள்.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் நடத்துநர்கள் இரண்டு வகையில் தடுமாறுவார்கள். ஒருவர் வரலாற்றை வரிவரியாகக் காப்பாற்றப் பார்ப்பார். ஆடுபவர்கள் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். மற்றவர் கார்சஸைத் தடுக்க விட்டுவிடுவார். பிறகு அது எந்த உலகின் முற்காலமும் இல்லை. முதல் தவறே அதிகம் காணப்படுவது, சலிப்பூட்டுவதும் அதுவே.

கூத்தின் வழி இரண்டுக்கும் நடுவில் போகிறது. விழுந்தே தீரவேண்டிய நிகழ்ச்சிகள் இரண்டு மூன்றை மட்டும் ஆட்டம் தொடங்குமுன் எல்லாருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். ஆடுபவர்களுக்குக் கார்சஸ் வேண்டாம், பொன்னுருவிகளைக் கொடுக்கலாம்: வரலாற்றில் பெயர் இல்லாத படகோட்டி, மிதக்கும் நகரின் அடியில் வாழும் உழவர், கார்சஸின் சமையற்காரர். நகரம் விழும், யாரை அதற்குள் இறக்கிக் காப்பாற்றினார்கள், எந்தச் சண்டையை முடிக்காமல் விட்டார்கள் என்பது பகடைக்கும் அவர்களுக்கும் உரியது. கற்பூரம் ஏற்றுவதற்கு இணையான ஏற்பாடும் இவ்விளையாட்டில் உண்டு. 'எக்ஸ்' எழுத்து வரைந்த அட்டை ஒன்றை மேசை நடுவே வைத்துக்கொள்வார்கள். மனம் ஒப்பாத காட்சி வந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கைவிட்டுவிட்டு ஆட்டம் மேலே செல்லும்.

பகடையில் மட்டும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. மேசையில் அது எப்படியும் விழலாம். கூத்தில் எத்தனை இரவு உருட்டினாலும் சகுனி கேட்ட எண்தான் விழும்.