சிவப்பு வெளிச்சம் வருகிறதா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கரிசல் புழுதியும் தறிகளின் பஞ்சுத் தூசியும் வீட்டுக்குள் வராமல் இருக்குமா? கம்ப்யூட்டரின் விசிறி காற்றோடு அதையும் இழுத்துக்கொள்கிறது. தூசி அடையும் இடங்களில் ஒன்று, பின்பக்கம் குட்டிச் சதுர வாயோடு இருக்கும் ஆப்டிகல் ஆடியோ போர்ட்.

இதை ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1983-இல் சிடி பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கக் கொண்டுவந்தது. டாஸ்லிங்க் என்று பெயர். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை, அதன் வழியே சிவப்பு எல்.இ.டி. வெளிச்சம். நொடிக்கு லட்சக்கணக்கான முறை மினுங்கி, பாட்டை எண்களாக அனுப்புகிறது. இரு கருவிகளுக்கும் இடையில் உலோகத் தொடர்பே கிடையாது. அதனால் எர்த் சரியில்லாத வீடுகளில் ஸ்பீக்கரில் கேட்கும் 'ஊம்' இரைச்சல் இந்தக் கேபிள் வழியாக ஏறாது. நம்மூர் ஒயரிங்குக்கு இந்த ஒரு குணமே போதும்.

சத்தம் நின்றுவிட்டதா? பாட்டை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கம் கேபிளை உருவி நுனியை உள்ளங்கையில் காட்டுங்கள். சிவப்புப் புள்ளி விழுந்தால் போர்ட் நன்றாகத்தான் இருக்கிறது. சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டைத் தேர்ந்து, ஒலி வடிவத்தை 'பிசிஎம்' என்று வைத்துப் பாருங்கள். புள்ளி விழவில்லையென்றால் கேபிள் எங்காவது மடங்கி ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கேபிள் என்றால் நுனி மூடியைக் கழற்றினீர்களா? (சிரிக்க வேண்டாம், மறப்பவர்கள் உண்டு.) அடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ப்ளோயரால் போர்ட்டில் காற்றடியுங்கள். ஊக்கு, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். கதவுபோல் இருக்கும் மெல்லிய மூடி உடைந்துவிடும்.

பழைய மேக்புக்குகளில் ஹெட்போன் துளையே ஆப்டிகல் போர்ட்டும்கூட. அதற்குள் சிவப்பு வெளிச்சம் அணையாமல் எரிந்து, லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் ஊமையானால், உள்ளிருக்கும் சின்ன ஸ்விட்ச் சிக்கியிருக்கலாம். ஹெட்போன் பின்னைச் சில தடவை மெதுவாகச் செருகி எடுத்தால் பெரும்பாலும் விடுபடும்.

நிஜமாகவே செத்துப்போன போர்ட்டுக்கு மாற்றுவழி, ஆப்டிகல் அவுட் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு. 'இன்' மட்டும் இருப்பதை வாங்கிவிடாதீர்கள். டிவி இருந்தால் அதற்கு எச்டிஎம்ஐ கொடுத்து, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுக்கலாம். சில டிவிகள் ஸ்டீரியோ மட்டுமே தரும்.

மதர்போர்டையே மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்த போர்ட், போர்டில் சால்டர் செய்த ஒரு சின்ன உறுப்பு. கைநேர்த்தியுள்ள மெக்கானிக் அதை மட்டும் கழற்றி வேறு வைத்துத் தருவார்.