புது இன்னோவா விலைக்கு வி8 பென்ஸ்... ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா, எது உங்களுக்கு செட் ஆகும்?

‘புது இன்னோவா விலைக்கு வி8 எஸ்-கிளாஸ்’, ‘ஸ்விஃப்ட் காசுல பழைய 7 சீரீஸ்’ - இந்த மாதிரி ரீல்ஸ் உங்க ஃபீட்லயும் கண்டிப்பா வந்திருக்கும். புதுசா இருந்தப்போ ஒரு கோடிக்கு மேல வித்த கார், பத்து வருஷம் கழிச்சு பாதிக்கும் கீழ கிடைக்குதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது? திருச்சி - கரூர் ரோட்டுல, ஜீயபுரம் பக்கம் வாழைத்தார் ஏத்தின டிராக்டருக்குப் பின்னாடி ஒரு கறுப்பு எஸ்-கிளாஸ் பொறுமையா ஊர்ந்து போறது இப்போ அதிசயமான காட்சி இல்லை. பிசினஸ் நல்லா போற வீடுகள்ல ‘ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் லக்ஸுரி செடான் எடுப்போமா’ன்னு பேச்சு வரும். அந்தப் பேச்சுல கட்டாயம் ஒரு சண்டையும் வரும். பையன் ‘வி8 தான் கெத்து’ன்னு சொல்வான். அப்பா ‘ஆறு போதும்டா’ன்னு சொல்வார்.

யார் சொல்றது சரி? எமோஷனை ஓரமா வெச்சுட்டு, கணக்கையும் இன்ஜினையும் பார்ப்போம்.

சிலிண்டர் கூடினா என்ன நடக்கும்?

நம்ம தாத்தா காலத்து அம்பாசிடர்ல இருந்தது 1,489 சிசி, நாலு சிலிண்டர் இன்ஜின். குடும்பமே அதுல ஏறி ஊட்டி வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. அப்போ ஆறும் எட்டும் எதுக்கு?

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல க்ராங்க்‌ஷாஃப்ட் ரெண்டு சுத்து, அதாவது 720 டிகிரி சுத்தி முடிக்கிறதுக்குள்ள ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை பவர் கொடுக்கும். நாலு சிலிண்டர்னா 180 டிகிரிக்கு ஒரு தடவை. ஆறுன்னா 120 டிகிரிக்கு ஒரு தடவை. எட்டுன்னா 90 டிகிரிக்கு ஒரு தடவை. வயல்ல இறைக்கிற தண்ணி விட்டு விட்டு வராம, ஒரே சீரா ஓடுற மாதிரி பவர் வரும். பின்சீட்டுல உட்கார்ந்தா இன்ஜின் ஓடுதா, நின்னுடுச்சான்னே தெரியாத அந்த ஸ்மூத்னெஸுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆனா எண்ணிக்கை மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்றது இல்லை. ஆறு சிலிண்டரையும் ஒரே வரிசையில நிக்க வெச்சா, அது இன்லைன் சிக்ஸ். இதுல முதல் பிஸ்டனும் ஆறாவதும், ரெண்டாவதும் அஞ்சாவதும், மூணாவதும் நாலாவதும் ஜோடி ஜோடியா ஏறி இறங்கும். ஒண்ணோட அதிர்வை இன்னொண்ணு சரிக்கட்டிடும். அதனால இன்லைன் சிக்ஸ் இயற்கையாவே பேலன்ஸ் ஆன இன்ஜின். அதே ஆறை ‘வி’ வடிவத்துல மூணு மூணா பிரிச்சா இந்த வசதி போயிடும். அதிர்வைக் குறைக்க பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்கிறாங்க. அதனால, ‘எட்டுதான் ஸ்மூத், ஆறு சுமார்’னு யாராவது சொன்னா, ‘எந்த ஆறு?’ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

கம்பெனிகளே மாறிட்டாங்க!

2014 ஜனவரியில இந்தியாவுக்கு வந்த எஸ்-கிளாஸ் ஞாபகம் இருக்கா? முதல்ல வந்த எஸ் 500-ல 4.7 லிட்டர் ட்வின் டர்போ வி8. 455 எச்.பி. பவர், 700 என்.எம். டார்க். 0 - 100 கி.மீ. வேகத்தை 4.8 செகண்ட்ல தொடும்னு கம்பெனி சொன்னது. அப்புறம் வந்த ஆறு சிலிண்டர் டீசலான எஸ் 350-க்கு அதே வேலைக்கு ஏழு செகண்ட் கிட்ட ஆகும். அப்போ வி8-க்கும் ஆறுக்கும் இடைவெளி பெருசு.

2021 ஜூன்ல அடுத்த தலைமுறை எஸ்-கிளாஸ் இந்தியாவுக்கு வந்தப்போ, அதுல வி8 இல்லை. பெட்ரோல், டீசல் ரெண்டுமே இன்லைன் சிக்ஸ். எஸ் 450 பெட்ரோல்ல 367 எச்.பி.; 0 - 100-க்கு 5.1 செகண்ட். பழைய வி8-க்கும் இதுக்கும் வித்தியாசம் ஒரு கண் சிமிட்டுற நேரம்தான். எட்டு சிலிண்டர் வேணும்னா அப்போ மேபேக் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

பி.எம்.டபிள்யூ கதையும் இதேதான். 2007-ல இருந்து சென்னைக்குப் பக்கத்துல இருக்கிற ஆலையில கார்களை அசெம்பிள் பண்றாங்க. ஒரு காலத்துல 750எல்ஐ-ன்னு வி8 வித்த அதே கம்பெனி, 2023-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்த புது 7 சீரீஸ்ல 740ஐ-க்கு ஆறு சிலிண்டர்தான் கொடுத்தது. கூடவே எலெக்ட்ரிக் ஐ7. உலக அளவுல பார்த்தாலும், 1989-ல வி8-ஓட வந்து ஜெர்மன்காரங்களையே திரும்பிப் பார்க்க வெச்ச லெக்ஸஸ் எல்எஸ், 2018-ல வி6-க்கு மாறிடுச்சு.

காரணம் சிம்பிள். டர்போவும் 48 வோல்ட் மைல்டு ஹைபிரிடும் வந்த பிறகு, ஆறு சிலிண்டர்லயே பழைய எட்டோட பவரை எடுக்க முடியுது. புகை விதிகளும் ஒவ்வொரு வருஷமும் இறுகுது. நம்ம ஊர்லயே 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்தாச்சு. ஆக, இன்னிக்கு நம்ம பட்ஜெட்டுக்கு வர்ற வி8 செடான் எல்லாமே கிட்டத்தட்ட பழைய கார்கள்தான். ‘ஆறா, எட்டா’ங்கிற கேள்வி, உண்மையில ‘எவ்வளவு பழைய காரை வாங்கப் போறேன்’ங்கிற கேள்வியும்கூட.

நம்ம ரோட்டுல வி8-க்கு என்ன வேலை?

நாலு வழி தேசிய நெடுஞ்சாலையில காருக்கு அதிகபட்ச வேகம் 100 கி.மீ.ன்னு மத்திய அரசு 2018-ல நிர்ணயிச்சது. சமதள ரோட்டுல ஒரு பெரிய செடானை 100-ல ஓட்டிக்கிட்டே இருக்க, இன்ஜின்கிட்ட இருந்து தேவைப்படுறது சுமார் 25-30 எச்.பி.தான். திருச்சியில இருந்து சென்னை வரைக்கும் கிட்டத்தட்ட 330 கி.மீ. போனாலும், 455 எச்.பி.யில பெரும்பகுதி தூங்கிக்கிட்டேதான் வரும்.

கரூர் ரோடு அதைவிட மோசம். காவிரிக்கும் உய்யகொண்டான் வாய்க்காலுக்கும் நடுவுல போற அந்த ரோட்டுல முத்தரசநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலைன்னு வரிசையா ஊர்கள். பஸ், டூவீலர், டிராக்டர், ஆடு மாடு எல்லாம் உண்டு. அங்க உங்களுக்கு வேணும்கிறது ஓவர்டேக் பண்ணும்போது உடனே கிடைக்கிற இழுவை. அதை ஆறு சிலிண்டர் டர்போ டீசலே தாராளமா கொடுத்திடும்.

அப்போ வி8 சும்மாவா? இல்லவே இல்லை. அந்த உறுமல் சத்தம், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் அலட்டிக்காம கார் கிளம்புற விதம்... அதுக்கு ஈடு அதுதான். அது ஒரு அனுபவம், தேவை இல்லை. இந்த வித்தியாசம் புரிஞ்சு வாங்குறவங்களுக்கு வி8 சந்தோஷம் தரும். புரியாம வாங்குறவங்களுக்கு அது கடன்.

பெட்ரோல் செலவு பயமுறுத்தும்... ஆனா வில்லன் அது இல்லை!

ஒரு கணக்கு போடுவோம். வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுறீங்க. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வைங்க. வி8 லிட்டருக்கு 6 கி.மீ. கொடுத்தா, வருஷத்துக்கு 2,000 லிட்டர். 2 லட்சம் ரூபாய். ஆறு சிலிண்டர் பெட்ரோல் 8 கி.மீ. கொடுத்தா 1,500 லிட்டர், 1.5 லட்சம். வித்தியாசம் 50 ஆயிரம், அதாவது மாசம் நாலாயிரத்துச் சொச்சம்.

எஸ்-கிளாஸ் வாங்குறவங்களுக்கு இது பெரிய தொகை இல்லைன்னு நீங்க சொல்லலாம். சரிதான். வில்லன் பெட்ரோல் பங்க்ல இல்லை, வொர்க்‌ஷாப்ல இருக்கான்.

வி8 பெட்ரோல்ல ஸ்பார்க் பிளக் குறைஞ்சது எட்டு, இக்னிஷன் காயில் எட்டு, இன்ஜெக்டர் எட்டு. ரெண்டு சிலிண்டர் ஹெட், நாலு கேம்‌ஷாஃப்ட், ரெண்டு டர்போ. இன்லைன் சிக்ஸ்ல ஒரே ஹெட், ரெண்டு கேம்‌ஷாஃப்ட். பாகம் கூடக்கூட கெட்டுப்போக வாய்ப்பும் கூடும். பானட்டுக்குள்ள இடமே இல்லாம அடைச்சு வெச்சிருக்கிறதால, சின்ன ஆயில் லீக்கை சரிபண்ணக்கூட பாதி இன்ஜினைக் கழட்ட வேண்டி வரலாம். பார்ட்ஸ் விலையைவிட லேபர் அதிகமாகுறது இங்கதான்.

உதாரணம் வேணுமா? 750எல்ஐ-ல வந்த 4.4 லிட்டர் வி8-ல டர்போ ரெண்டும் இன்ஜினோட ‘வி’ பள்ளத்துக்குள்ளேயே இருக்கும். டெக்னாலஜியா பார்த்தா அற்புதம். ஆனா சூடு அங்கேயே தங்கும். இதோட ஆரம்ப கால இன்ஜின்கள் ஆயில் குடிக்குதுன்னு புகார்கள் குவிஞ்சு, 2014 டிசம்பர்ல அமெரிக்காவுல இந்த இன்ஜினுக்காகவே தனி கஸ்டமர் கேர் திட்டம் அறிவிச்சாங்க. நம்ம ஊர் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் இந்த மாதிரி இன்ஜினை வாங்கும்போது கூடுதல் கவனம் வேணும்.

முக்கியமான விஷயம்: கார் விலை குறையும், பார்ட்ஸ் விலை குறையாது. ஒரு கோடி ரூபாய் காரை 25 லட்சத்துக்கு வாங்கினாலும், அதோட ஏர் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் ஒரு கோடி ரூபாய் காரோட விலையிலதான் வரும்.

இன்ஷூரன்ஸ், ஆர்.சி., இ20

* 1,500 சிசி-க்கு மேல எல்லாக் காருக்கும் தேர்டு பார்ட்டி பிரீமியம் ஒண்ணுதான். ஆறா எட்டாங்கிறது இதுல கணக்கே இல்லை. ஓன் டேமேஜ் பிரீமியம் மட்டும் காரோட மதிப்பைப் பொறுத்து மாறும்.

* பிரைவேட் காரோட ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும். அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2011 மாடல் வி8 மலிவா வருதுன்னா, ஆர்.சி. எப்போ முடியுதுன்னு முதல்ல பாருங்க.

* வெளிமாநில வண்டின்னா என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரியையும் கட்டி, இங்க ரீ-ரிஜிஸ்டர் பண்ணணும். இந்தச் செலவையும் கார் விலையில சேர்த்துப் பாருங்க.

* இப்போ பங்க்ல வர்றது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின வி8-கள் இதை மனசுல வெச்சு டிசைன் பண்ணினது இல்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும். ரப்பர் ஹோஸ், ஃப்யூவல் லைன் எல்லாத்தையும் செக் பண்ணிட்டு வாங்குறது நல்லது.

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம்

1. இன்ஜின் ஆறியிருக்கும்போது, காலையில முதல் ஸ்டார்ட்டை நீங்களே பாருங்க. ‘சூடு பண்ணி வெச்சிருக்கேன் சார்’னு சொன்னா உஷார்.

2. சைலன்ஸர்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். சும்மா கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டு, அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுப் பாருங்க.

3. சேஸிஸ் நம்பரை வெச்சு கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்க. நடுவுல ரெண்டு வருஷம் காணோம்னா காரணம் கேளுங்க.

4. ஸ்கேனர் போட்டு எரர் கோடு பாருங்க. முந்தின நாள்தான் எல்லாத்தையும் அழிச்சிருக்காங்களான்னும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க.

5. பக்கத்துல எந்த ஊர்ல இந்த இன்ஜினைத் தொடத் தெரிஞ்ச ஆள் இருக்கார்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க. ஒவ்வொரு லீக்குக்கும் ஃபிளாட்பெட்ல சென்னைக்கு அனுப்ப முடியாது.

சரி, யாருக்கு எது?

தினமும் ஓட்டணும், அப்பா அம்மாவை பின்சீட்டுல வசதியா உட்கார வெச்சு ஊர் சுத்தணும், இருக்கிறது இந்த ஒரே கார்தான்னா, யோசிக்கவே வேண்டாம், ஆறு சிலிண்டர். அதுலயும் இன்லைன் சிக்ஸ் கிடைச்சா இன்னும் நல்லது. நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம்னா டீசல், ஓட்டம் குறைவுன்னா பெட்ரோல்.

வீட்டுல ஏற்கெனவே தினசரி ஓட்டத்துக்கு ஒரு கார் இருக்கு, இது ஞாயித்துக்கிழமை ஆசைக்கு, நம்பிக்கையான மெக்கானிக் இருக்கார்னா, நல்ல ரெக்கார்டு இருக்கிற வி8-ஐத் தாராளமா பாருங்க. ஆனா ஒரு கண்டிஷன்: கார் விலையில கால்வாசியைத் தனியா பேங்க்ல போட்டு வைங்க. அது ரிப்பேருக்கு. அந்தக் கால்வாசியையும் சேர்த்தாத்தான் கார் வாங்கவே காசு பத்தும்னா, அந்த வி8 இப்போதைக்கு உங்க பட்ஜெட்டுல இல்லை. ரீல்ஸ்ல பார்த்து ஒரு லைக் போட்டுட்டு, ஆறு சிலிண்டர் டெஸ்ட் டிரைவுக்கு ஃபோன் போடுங்க.