முடியில் இருப்பது இரண்டு ஈரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் முதல் ஷிஃப்டுக்குப் போகும் பெண்களுக்குத் தலைக்குக் குளிப்பது நேரக்கணக்கு பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. நீளமான முடி கம்பெனி பஸ் வருவதற்குள் காயாது. ஈரத்தோடு பின்னிப்போட்டால் மாலையில் அவிழ்க்கும்போதும் பின்னலின் நடுவில் ஈரம் பிசுபிசுக்கும். சூடு காட்டாமல் முடியைச் சீக்கிரம் உலர்த்த முடியுமா? முடியும். அதற்கு ஈரம் எங்கே தங்குகிறது என்று தெரிய வேண்டும்.

தலைமுடி என்பது 50 முதல் 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கெரட்டின் இழை. அதன் மேல்பரப்பில் க்யூட்டிகிள் என்ற மெல்லிய செதில்கள், கூரை ஓடுகளைப் போல, நுனியை நோக்கி அடுக்கியிருக்கும். குளித்துவிட்டு வந்த தலையில் இழைகளுக்கு இடையே தேங்கிய நீர் ஒன்று, இழைக்குள் ஊறிய நீர் இன்னொன்று. உள்ளே ஊறுவது முடியின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை போகும். அப்போது இழை சுமார் 15 சதவீதம் பருக்கும். நீளம் மட்டும் அவ்வளவாகக் கூடாது.

இடையில் தேங்கிய நீரை எடுக்கத் துண்டே போதும். 50 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 120 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆயிரம் வாட் ஹேர் டிரையர் கொஞ்சமும் சூடு வீணாகாமல் ஓடினாலும் அதற்கு 2 நிமிடம் பிடிக்கும். பருத்தித் துண்டு அந்த நீரைச் செலவில்லாமல் உறிஞ்சிவிடும். பரபரவென்று துவட்டக் கூடாது. நனைந்த இழை வலுவிழந்து நீளும், செதில்கள் லேசாகத் தூக்கி நிற்கும், உரசினால் பிய்யும். துண்டைச் சுற்றி அழுத்தி ஒற்றி எடுப்பதே நல்லது.

உள்ளே ஊறிய நீர் மெதுவாகத்தான் போகும். அது காற்றைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் திருத்தணிப் பக்கம் சீக்கிரம் காயும் முடி, பழவேற்காடு ஏரியும் கடலும் அருகிலுள்ள பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் ஐப்பசி மழைக்காலத்தில் காயவே மறுக்கும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் முடியின் ஈரம் போக இடமில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, காய்ந்ததாக நாம் நினைக்கும் முடியிலும் அதன் எடையில் சுமார் 15 சதவீதம் நீர் இருக்கும்.

வெயிலைவிட இங்கே உதவுவது காற்றோட்டம். ஈர முடியை ஒட்டி ஈரக்காற்று ஒரு படலமாக நிற்கும். ஃபேன் அதைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவரும். சிணுக்கோலியாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, முடியைப் பிரித்து விரித்து ஆற்றினால் காற்றுபடும் பரப்பு கூடும். பாட்டிமார் சாம்பிராணித் தணலின் மேல் கூடையைக் கவிழ்த்து முடியை அதன்மேல் பரப்பியதும் இதே வேலைதான். மணம் சாம்பிராணிப் பிசினுடையது, உலர்த்தியது தணலிலிருந்து எழுந்த இளஞ்சூட்டுக் காற்று. ஜன்னல் சாத்திய அறையில் மட்டும் அதைச் செய்யக் கூடாது, கரிப்புகை ஆபத்து.

ஸ்ட்ரெய்ட்னரின் சூடு வேறு வகை. 200 டிகிரி செல்சியஸை எட்டும் தகடு ஈர முடியில் பட்டால் உள்ளிருக்கும் நீர் கொதித்து, இழைக்குள் குமிழிகள் உண்டாகும். அந்த இடத்தில் முடி ஒடியும். அதற்காக, தானாகக் காய விடுவதில் சேதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011-ல் வெளியான தென்கொரிய ஆய்வு ஒன்றில் முடிக்கற்றைகளை 30 முறை கழுவி உலர்த்தினார்கள். சூடு கூடக்கூட மேற்பரப்பு கெட்டது. ஆனால் உள்ளே செல்களை ஒட்டவைக்கும் படலம் கெட்டது தானாகக் காய விட்ட முடியில்தான். நீரில் நெடுநேரம் ஊறிப் பருத்திருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே உலர்த்தலாம் என்பது அவர்கள் முடிவு. ஆகவே டிரையர் இல்லாதவர்கள் பார்க்க வேண்டியது, முடி ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது. குளிக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவுவதும் உதவும். அது இழைக்குள் புகுந்து, நீர் ஊறுவதையும் புரதம் கரைவதையும் குறைக்கிறது.

முடியை நெளிய வைக்கவும் சூடு தேவையில்லை. கெரட்டினுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர்பட்டால் அவிழும், காயும்போது திரும்பப் பிணையும். முக்கால்வாசி காய்ந்த முடியைத் தளர்வாகப் பின்னி, முழுதும் காய்ந்தபின் அவிழ்த்தால் நெளி நிற்கும். கடல்காற்றின் ஈரத்தில் பிணைப்புகள் மறுபடி அவிழ்வதால் அந்த நெளி விரைவிலேயே கலையும்.

செய்யவே கூடாதது, ஈரக் கொண்டையின் மேல் தொப்பியோ துணியோ கட்டி ஷிஃப்ட் முழுவதும் இருப்பது. டிரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சை அந்த ஈரத்தில் செழித்து முடிமேல் வெண்ணிற முடிச்சுகளாகப் படியும். ஓடும் இயந்திரத்தின் அருகே முடியை விரித்துப்போடவும் முடியாது. முதல் ஷிஃப்டுக்காரர்கள் முந்தைய நாள் மாலையிலேயே குளித்து, ஒற்றி, சிக்கெடுத்து, ஃபேனடியில் ஆற்றிவிட்டுப் படுப்பது உத்தமம். காலையில் பின்னுவது மட்டும்தான் மிச்சம்.